தோலின் மேலும் தோலின் அடியிலும்: அழகுப் பெப்டைடுகள், நோயெதிர்ப்புப் பெப்டைடுகள் – ஒரு வரலாற்று ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

அழகுப் பொருள்களில் சேர்க்கப்படும் பெப்டைடுகளும் நோயெதிர்ப்பு ஆற்றலுக்காக ஊசி வழியாகச் செலுத்தப்படும் பெப்டைடுகளும் இன்று ஒரே விற்பனைப் பட்டியலில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. இரண்டும் 'உடலிலேயே உள்ளவை, ஆகவே தீங்கற்றவை' என்ற ஒரே காரணத்தால் பரிந்துரைக்கப்படுகின்றன. இக்கட்டுரை, முதல் வகைக்கு ஜி.எச்.கே. எனப்படும் செம்புப் பெப்டைடையும் இரண்டாம் வகைக்குத் தைமோசின் ஆல்ஃபா-1 என்பதையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, அவற்றின் பாதுகாப்பு பற்றிய கூற்றுகள் எந்தச் சூழலில், எந்த ஆய்வுகளின் மேல் எழுந்தன என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. ஒரு பெப்டைடு பாதுகாப்பானது என்னும் கூற்று, அம்மூலக்கூறு உடலுக்குள் செல்லும் வழியையும் அளவையும் சார்ந்தது. ஒரு வழிக்கு ஈட்டிய சான்றை மற்றொரு வழிக்கு மாற்றிக்கொள்ள இயலாது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பெப்டைடு, செம்புப் பெப்டைடு, தைமோசின், கொலாஜன், நோயெதிர்ப்பு, அழகுப் பொருள், மருந்துச் சட்டம்.

முன்னுரை

அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைந்து உருவாகும் குறுஞ்சங்கிலிக்குப் 'பெப்டைடு' என்று பெயரிட்டவர் ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர். 1902-ஆம் ஆண்டு அவர் பயன்படுத்திய அச்சொல், செரித்தலைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. புரதம் வயிற்றில் செரிக்கும்போது கிடைக்கும் துண்டுகள் என்பதே அதன் தொடக்கப் பொருள். தமிழ்ப் பாடநூல்கள் இச்சொல்லை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்தே வழங்குகின்றன. இது குறையன்று. ஆயினும் ஒரு விளைவு உண்டு: சொல்லின் உள்ளே இருக்கும் 'செரித்துச் சிதைவது' என்ற குறிப்பு நம் செவிக்கு எட்டுவதில்லை. பெப்டைடுகளின் மிகப் பெரிய இயல்பே அவை விரைவில் சிதைவதுதான். அவற்றின் பாதுகாப்புக்கும் பயனின்மைக்கும் பல இடங்களில் அதுவே காரணமாகிறது.

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை பெப்டைடுகளை விலங்குத் திசுக்களிலிருந்து பிரித்தெடுப்பதே வழி. 1953-இல் வின்சென்ட் டூ விக்னோ ஆக்சிடோசின் என்னும் ஒன்பது அமினோ அமில இயக்குநீரை ஆய்வகத்தில் உருவாக்கினார். அதற்காக 1955-இல் நோபல் பரிசு பெற்றார். அது அரிய கைத்திறன் வேலை. 1963-இல் புரூஸ் மெரிஃபீல்டு வெளியிட்ட திண்மநிலைத் தொகுப்பு முறை அந்தக் கைத்திறனை இயந்திரப் பணியாக மாற்றியது. சிறு பிசின் மணிகளின் மேல் சங்கிலியின் ஒரு முனையைக் கட்டிவைத்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, வேண்டாதவற்றைக் கழுவி நீக்குவது அம்முறை. முகப்பூச்சில் கலக்கும் பெப்டைடும் ஊசிக்குப்பியில் அடைக்கும் பெப்டைடும் இம்முறையின் குழந்தைகளே. மெரிஃபீல்டு 1984-இல் நோபல் பரிசு பெற்றார். கழுவி நீக்குதல் முழுமையாக நடவாதபோது ஓர் அமினோ அமிலம் விடுபட்ட சங்கிலிகளும் உடன் தங்கிவிடும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம். மாசு பற்றிய பிற்காலக் கவலைகள் இவ்விடத்தில் வேர்கொண்டவை.

கல்லீரலிலிருந்து முகப்பூச்சுக்கு

செம்புப் பெப்டைடின் கதை அழகுநிலையத்தில் தொடங்கவில்லை. லோரன் பிக்கார்ட் கலிஃபோர்னியாவில் ஆய்வு மாணவராக இருந்தபோது மனித இரத்த நீர்மத்தின் ஆல்புமின் பகுதி கல்லீரல் செல்களின் மேல் செலுத்தும் விளைவை ஆராய்ந்தார். இளையோரின் இரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று முதிய கல்லீரல் திசுவை இளந்திசுபோல் புரதம் ஆக்கச் செய்கிறது என்பது அவர் கண்ட குறிப்பு. அதைத் துரத்திச் சென்று அவர் பிரித்தெடுத்தது கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறு பெப்டைடு. இம்மூன்றின் குறியெழுத்துகளே ஜி.எச்.கே. என்ற பெயர். 1973-இல் பிக்கார்டும் மைக்கேல் தேலரும் இதனை 'நேச்சர் நியூ பயாலஜி' இதழில் அறிவித்தனர்.

அக்கட்டுரையின் தலைப்பைக் கவனித்தல் தகும். இயல்பான கல்லீரல் செல்களின் வாழ்நாளை நீட்டுவது என்றும், புற்றுத்தன்மை கொண்ட கல்லீரல் செல்களின் வளர்ச்சியைத் தூண்டுவது என்றும் இரு விளைவுகளை அது ஒரே மூச்சில் கூறுகிறது. பின்னாளைய விளம்பரங்கள் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. கண்ணாடிக் கலத்தில் வளர்த்த புற்றுச் செல்லில் கண்டதைக் கொண்டு மனித உடலில் புற்று விளையும் என்று கூறுவது முறையன்று; பிற்காலத்தில் அதற்கு எதிரான திசையிலும் ஆய்வகக் கூற்றுகள் எழுந்தன. ஆனால் முதற்பாதியும் அதே கண்ணாடிக் கலத்தில் கண்டதுதான் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஒன்றைச் சான்றாக ஏற்று மற்றொன்றைத் தள்ளுவதற்கு அறிவியல் காரணம் ஏதுமில்லை.

1980-இல் பிக்கார்டும் உடன் ஆய்ந்தோரும் இப்பெப்டைடு செம்பு அயனியை இறுகப் பற்றிச் செல்லுக்குள் கொண்டுசெல்ல உதவக்கூடும் என்று எழுதினர். 1988-இல் பிரான்ஸைச் சேர்ந்த மக்கார் குழுவினர், தோலின் நாரிழைகளை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் இந்தச் செம்புச் சேர்மம் கொலாஜன் ஆக்கத்தைத் தூண்டுவதாகக் காட்டினர். கொலாஜன் புரதச் சங்கிலியின் ஒரு பகுதியிலேயே ஜி.எச்.கே. வரிசை அமைந்திருக்கிறது. காயம்பட்ட இடத்தில் கொலாஜன் சிதையும்போது இத்துண்டு விடுபட்டு, 'மீண்டும் கட்டுக' என்று செல்களுக்கு அறிவிக்கிறது என்ற அழகிய கருத்து அதனின்றும் பிறந்தது.

கொலாஜன் என்றதும் சென்னையை நினையாமல் கடக்க முடியாது. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைப் பொறுப்பேற்ற ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954-இல் கொலாஜன் மூன்று சங்கிலிகளின் முறுக்கு என்ற அமைப்பை முன்வைத்தார். அடுத்த ஆண்டே அதனைச் சுருள்மேற்சுருள் வடிவமாகத் திருத்தினார். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் அமைய வேண்டிய தேவையை அம்மாதிரி விளக்கிற்று. அண்டையிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வழியாகக் கிடைத்த கங்காரு வால் தசைநாணே அவர்கள் ஊடுகதிர்ப் படத்துக்குக் கொண்ட பொருள்களுள் ஒன்று. 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம், ஒரு பெப்டைடுச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்க இயலாது என்பதைக் காட்டுவது. முகப்பூச்சுப் பெட்டிகளில் அச்சிடப்படும் 'கொலாஜன்' என்ற சொல்லின் பின்னே கிண்டியிலும் அடையாற்றிலும் நிகழ்ந்த உழைப்பு உண்டு என்பதை அவ்வணிகம் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

பிக்கார்ட் 1985-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் புரோசைட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். நோக்கம் ஆறாத புண்களுக்கு மருந்து. மருந்துக்குரிய சோதனை அங்கேதான் நிகழ்ந்தது. 1992-இல் வெளியான ஓர் ஆய்வு, கால் சிரைத் தேக்கத்தால் உண்டான புண்கள் கொண்ட 86 நோயாளரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் செம்புப் பெப்டைடுக் களிம்பும், ஒரு பிரிவுக்கு வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பும், ஒரு பிரிவுக்கு மருந்தற்ற களிம்பும் தந்தது. புண்ணின் பரப்பைக் குறைப்பதில் பழைய வெள்ளிக் களிம்பே முந்தியது; செம்புப் பெப்டைடு மருந்தற்ற களிம்பைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை எதையும் காட்டவில்லை. நீரிழிவுப் புண்களில் 1994-இல் வெளிவந்த ஆய்வு நம்பிக்கை தந்ததாயினும், மருந்து என்ற ஒப்புதலை இப்பெப்டைடு ஒருபோதும் பெறவில்லை. காயத்தின் மேல் ஈரப்பதம் காக்கும் கூழாகவும், பின்னர் சுருக்கம் நீக்கும் பூச்சாகவும் அது சந்தைக்கு வந்தது.

இம்மாற்றத்தின் வரலாற்றுப் பொருள் பெரிது. மருந்தாகச் சோதிக்கப்பட்டுத் தேறாத ஒன்று, அத்தகைய சோதனையே வேண்டப்படாத துறைக்குள் நுழைந்து நிலைபெற்றது. அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அழகுப் பொருளையும் மருந்தையும் அவற்றின் நோக்கத்தால் பிரிக்கிறது. தோற்றத்தை மாற்றுவதற்கானது அழகுப் பொருள்; உடலின் அமைப்பையோ செயலையோ மாற்றுவதற்கானது மருந்து. இந்தியாவின் 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் 1962-ஆம் ஆண்டுத் திருத்தம் வழியாக அழகுப் பொருள் சேர்ந்தபோதும் இதே நோக்கப் பிரிவே வழிகாட்டிற்று. எனவே 'கொலாஜன் ஆக்கத்தைப் பெருக்கும்' என்று எழுதினால் அது மருந்தாகிவிடும். 'சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்க உதவும்' என்று எழுதினால் அழகுப் பொருளாகவே இருக்கும். 'தோற்றம்' என்ற ஒரு சொல் இத்துறைக்குச் செய்துள்ள தொண்டு அளவிடற்கரியது.

தோல் என்னும் காவலன்

செம்புப் பெப்டைடைத் தொடர்ந்து பல பெப்டைடுகள் வந்தன. 1993-இல் அமெரிக்காவில் கத்தயாமா குழுவினர், முதலாம் வகைக் கொலாஜனின் முன்வடிவிலிருந்து ஐந்து அமினோ அமிலத் துண்டொன்று நார்ப்புரத ஆக்கத்தைத் தூண்டுவதைக் கண்டனர். பிரெஞ்சு நிறுவனமான செடர்மா அதனோடு பால்மிட்டிக் என்னும் கொழுப்பமிலத்தை இணைத்து 'மேட்ரிக்சில்' என விற்றது. 2002-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் 'ஆர்ஜிரலின்' என்ற ஆறு அமினோ அமிலப் பெப்டைடை அறிமுகப்படுத்தினர். நரம்பு முனையில் வேதித்தூதுகளை வெளியிடும் புரதக் கூட்டமைப்பில் ஓர் உறுப்பைப் போல நடித்து, தசைச் சுருக்கத்தைத் தளர்த்துவது அதன் கொள்கை. பொட்டாக்ஸ் நச்சு தாக்கும் அதே கூட்டமைப்பு இது. பத்துப் பெண்களிடம் முப்பது நாள் செய்த சோதனையில் சுருக்கத்தின் ஆழம் 30 விழுக்காடு வரை குறைந்தது என்பது அக்கட்டுரையின் முடிவு.

இக்கொள்கைகள் யாவும் பெப்டைடு தோலைக் கடந்து உயிர்ச்செல்லை அடைகிறது என்ற எடுகோளின் மேல் நிற்பவை. தோலின் மேலடுக்கு இறந்த செல்களாலும் அவற்றிடையே நிரம்பிய கொழுப்பாலும் ஆனது. 500 டால்டன் எடைக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் பழுதற்ற தோலைக் கடப்பது அரிது என்று போஸ், மைனார்டி இருவரும் 2000-இல் எழுதினர். ஜி.எச்.கே.யின் எடை ஏறத்தாழ 340. ஆகவே எடையளவில் தடையில்லை. ஆனால் அது நீர்விரும்பி, மின்னேற்றம் கொண்டது. கொழுப்புச் சுவரை எளிதில் கடப்பதற்குரிய இயல்பு அதற்கில்லை. மேட்ரிக்சில் ஏறத்தாழ 800, ஆர்ஜிரலின் ஏறத்தாழ 890. ஆர்ஜிரலின் உண்மையிலேயே தோலையும் தோலடிக் கொழுப்பையும் கடந்து தசையின் நரம்பு முனையைப் பெரிய அளவில் அடையுமானால், அதனை எவரும் கடையில் வாங்கி முகத்தில் தடவ அரசுகள் விட்டிருக்குமா என்ற கேள்வியைப் படிப்போரே எழுப்பிக்கொள்ளலாம்.

நல்ல முறையில் அமைந்த ஆய்வே இல்லை என்பதன்று. 2005-இல் ராபின்சன் குழுவினர் 35 முதல் 55 வயது வரையான 93 பெண்களின் முகத்தில் ஒரு பாதிக்குப் பெப்டைடுப் பூச்சும் மறுபாதிக்குப் பெப்டைடற்ற பூச்சும் 12 வாரம் தந்து, யார் எதைப் பூசினர் என்பது இருதரப்புக்கும் மறைந்திருக்க ஒப்பிட்டனர். பத்து இலட்சத்தில் மூன்று பங்கு என்ற மிகச் சிறிய செறிவிலேயே மெல்லிய கோடுகளில் சிறிதளவு மேம்பாடு கிடைத்தது, எரிச்சலும் இல்லை. ஆய்வாளர்கள் அப்பொருளை விற்கும் நிறுவனத்தைச் சார்ந்தவர்கள் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். அமெரிக்காவின் அழகுப் பொருள் உட்கூறு மீளாய்வுக் குழுவும் ஜி.எச்.கே., பால்மிட்டிக் இணைந்த பெப்டைடுகள் போன்றவற்றை அழகுப் பொருள்களில் இப்போது பயன்படும் செறிவுகளில் பாதுகாப்பானவை என மதிப்பிட்டது. அச்செறிவுகள் பத்து இலட்சத்தில் சில பங்குகளே.

ஆக, அழகுப் பெப்டைடின் நற்பெயருக்கு மூன்று தூண்கள்: மிகச் சிறிய அளவு, கடக்கவிடாத தோல், விரைவில் சிதையும் இயல்பு. இம்மூன்றும் அதன் பயனையும் சேர்த்தே குறைக்கின்றன. ஒன்றைப் பெருமையாகவும் மற்றொன்றைக் குறையாகவும் பிரித்துப் பேச வழியில்லை.

தைமஸ் சுரப்பியின் மறுவாழ்வு

நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பி நெடுங்காலம் பயனற்ற எச்சமெனவே கருதப்பட்டது. 1961-இல் இலண்டனில் ஜாக் மில்லர், பிறந்த உடனே தைமஸ் நீக்கப்பட்ட எலிகள் நோய்த்தொற்றைத் தாங்காமல் மெலிந்து இறப்பதையும், அயல் தோல் ஒட்டை மறுக்காமல் ஏற்பதையும் கண்டு, நோயெதிர்ப்பின் நாற்றங்கால் அச்சுரப்பியே என நிறுவினார். அதைத் தொடர்ந்து, அச்சுரப்பி ஓர் இயக்குநீரைச் சுரக்கிறதா என்ற தேடல் எழுந்தது. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஆபிரகாம் ஒயிட், ஆலன் கோல்ட்ஸ்டைன் முதலியோர் 1966-இல் கன்றின் தைமஸ் சாற்றிலிருந்து நிணநீர்ச் செல்களைப் பெருக்கும் பகுதியைப் பிரித்துத் 'தைமோசின்' எனப் பெயரிட்டனர்.

தொடக்கத்தில் மனிதர்க்குத் தரப்பட்டது தூய பெப்டைடன்று. 'ஐந்தாம் பகுதி' எனப்பட்ட, பல பெப்டைடுகள் கலந்த கன்றுச் சாறு. பிறவியிலேயே நோயெதிர்ப்புக் குறைவு கொண்ட குழந்தைகளுக்கு அது தரப்பட்ட செய்தி 1975-இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளிவந்தது. 1977-இல் கோல்ட்ஸ்டைன் குழு அச்சாற்றிலிருந்து 28 அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்றைத் தனியே பிரித்து வரிசையையும் அறிவித்தது. மின்னேற்றம் சமமாகும் புள்ளி அமிலப் பக்கம், அதாவது 5-க்குக் கீழ் அமைந்த தொகுதிக்கு ஆல்ஃபா என்று பெயர். அதில் முதலாவது என்பதால் தைமோசின் ஆல்ஃபா-1. ஈராண்டில் அது வேதிமுறையில் தொகுக்கப்பட்டது. விலங்குச் சாற்றின் அயற்புரதங்களால் வரும் ஒவ்வாமை என்ற தலைவலி அத்துடன் பெருமளவு நீங்கியது.

அதே காலத்தில் கிதியன் கோல்ட்ஸ்டைன் என்ற மற்றொருவர் தைமோபோயட்டின் என்னும் வேறொரு தைமஸ் காரணியை ஆராய்ந்து, அதன் ஐந்து அமினோ அமிலத் துண்டான தைமோபென்டினை 1979-இல் அறிமுகப்படுத்தினார். இரு கோல்ட்ஸ்டைன்களையும் ஒருவராகவே கொண்டு எழுதப்பட்ட குறிப்புகள் பரவலாகக் காணக்கிடைப்பதால் இதனைச் சுட்டவேண்டியதாயிற்று. தைமோபென்டின் இரத்தத்தில் ஏறத்தாழ அரை நிமிடத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். தைமோசின் ஆல்ஃபா-1 ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தாங்கும். சோவியத் நாட்டில் இவற்றினின்றும் விலகிய தனி மரபொன்று வளர்ந்தது. அது தனி ஆய்வுக்குரியது.

1984-இல் ஒரு திருப்பம். ஹாரிட்டோஸ், ஹோரெக்கர் முதலியோர் தைமோசின் ஆல்ஃபா-1 தனித்த இயக்குநீரன்று, புரோதைமோசின் ஆல்ஃபா என்ற பெரிய புரதத்தின் முனைத்துண்டு என்று காட்டினர். அப்புரதம் தைமஸில் மட்டுமின்றி உடலின் பல திசுக்களிலும் இருந்தது. 'தைமஸின் இயக்குநீர்' என்ற தொடக்கக் கருத்து இதனால் தளர்ந்தது. ஆயினும் அம்மூலக்கூறு செயலற்றதாகிவிடவில்லை. நோய்க்கிருமியை அடையாளம் காணும் செல்களின் உணர்விகளை அது தூண்டுவதை 2004 முதல் இத்தாலிய ஆய்வுகள் காட்டின. கருத்து மாறியது, மருந்து நின்றது.

மருந்தாகிய கதையும் நேர்கோடன்று. நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோயில் தைவானில் 98 பேரிடம் நடந்த ஆய்வு 1998-இல் வெளிவந்தது. ஆறு மாதம் ஊசி பெற்றோரில் 40.6 விழுக்காட்டினர் பதினெட்டாம் மாதத்தில் வைரஸ் செயற்பாடு நீங்கப்பெற்றனர். ஊசி பெறாதோரில் 9.4 விழுக்காட்டினரே. ஓராண்டு பெற்றோரில் அது 26.5 விழுக்காடு. அடுத்த ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வோ மருந்துக்கும் போலி மருந்துக்கும் புள்ளியியல் வேறுபாடு காணவில்லை. இத்தாலியிலும் சீனாவிலும் மேலும் பல நாடுகளிலும் 'சடாக்சின்' என்ற பெயரில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெறவில்லை.

செப்சிஸ் எனப்படும் கடும் தொற்று நிலையில் நிகழ்ந்ததும் இதுவே. 2013-இல் வெளியான சீன ஆய்வில் 361 நோயாளர். 28 நாளில் இறந்தோர் மருந்துப் பிரிவில் 26 விழுக்காடு, மற்றதில் 35 விழுக்காடு. வேறுபாடு நம்பிக்கை தருவது. ஆனால் புள்ளியியல் எல்லையில் தடுமாறி நின்றது. அதனை உறுதிசெய்ய 22 மருத்துவமனைகளில் 1,106 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2025-இல் வெளிவந்தபோது, இறப்பு 23.4 விழுக்காடும் 24.1 விழுக்காடுமாக இருந்தது. அதாவது பயன் இல்லை. வயதைப் பொறுத்து விளைவு மாறலாம் என்ற குறிப்பும் அதில் இருந்தது. 2013-ஆம் ஆண்டு எண்ணை மட்டும் காட்டி இன்றும் இப்பெப்டைடு விற்கப்படுவது வியப்பன்று. விளம்பரத்துக்குப் பழைய ஆய்வே இனியது.

பாதுகாப்பில் இம்மருந்தின் பதிவு நல்லதே. ஒப்புதல் பெற்ற நாடுகளில் வழக்கமான அளவு 1.6 மில்லிகிராம், வாரம் இருமுறை தோலடி ஊசி. ஊசி போட்ட இடத்தில் எரிச்சல் என்பதே பெரும்பாலும் பதிவான தொல்லை. ஹெபடைடிஸ் பி நோயாளரில் கல்லீரல் நொதிகள் சிலகாலம் உயர்வதும் உண்டு. ஆனால் அம்மருந்தின் குறிப்பேடு ஒரு வரம்பைத் தெளிவாக வைக்கிறது: உறுப்பு மாற்றுப் பெற்றோர்போல நோயெதிர்ப்பை வேண்டுமென்றே அடக்கி வைத்திருப்போருக்கு இதனைத் தரலாகாது. இந்த ஒரு வரி, 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுதல்' என்று கொரோனாக் காலத்துக்குப் பின் தமிழில் எங்கும் வழங்கும் தொடரின் போதாமையைக் காட்டுகிறது. நோயெதிர்ப்பு, குடத்து நீர்போலக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஓர் அளவன்று. மாற்றுச் சிறுநீரகம் கொண்டவருக்கும் தன்னுடலையே தாக்கும் நோயுடையவருக்கும் அதன் 'கூடுதல்' கேடாக முடியலாம். 'சீராக்குதல்' என்பது ஓரளவு நெருங்கிய சொல். ஆனால் அச்சொல்லால் பொருள் விற்காது.

இரு ஆறுகள் கலக்கும் இடம்

மேற்கண்ட இரு மரபுகளும் அரை நூற்றாண்டு தனித்தனியே ஓடின. ஒன்றில் அளவு சிறிது, வழி தோலின் மேல், கண்காணிப்பு குறைவு. மற்றொன்றில் அளவு பெரிது, வழி தோலின் கீழ், கண்காணிப்பு மருத்துவருடையது; ஆலையின் தூய்மை ஒவ்வொரு தொகுதியிலும் சோதிக்கப்படுவது. அண்மை ஆண்டுகளில் 'ஆய்வுக்கு மட்டும்' என்று ஒட்டப்பட்ட குப்பிகளில் இரண்டும் தூளாக விற்கப்படுகின்றன. வாங்குவோர் வீட்டிலேயே நீரில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்கின்றனர். செம்புப் பெப்டைடையும் அவ்வாறே ஏற்றுகின்றனர். முகப்பூச்சாக அது பெற்ற நற்சான்று இங்கே எடுத்துக்காட்டப்படுகிறது. அச்சான்றை ஈட்டித் தந்த மூன்று தூண்களில் முதல் இரண்டையும் ஊசி முனை ஒரு நொடியில் தகர்த்துவிடுகிறது என்பது பேசப்படுவதில்லை. தைமோசினின் நற்பதிவும் அவ்வாறே கடன்வாங்கப்படுகிறது. அப்பதிவு ஒரு குறிப்பிட்ட ஆலையின் தூய பொருளுக்கு உரியது. பெயர் ஒன்றாயினும் குப்பியிலுள்ள தூள் அதுவேயென்பதற்கு எவரும் பொறுப்பேற்கவில்லை.

சிறு பெப்டைடு உடலை ஏமாற்றாது என்ற எண்ணத்துக்கு மறுப்பாக ஒரு நிகழ்வைக் கூறலாம். பெகினசடைடு என்பது செயற்கைப் பெப்டைடு மருந்து. சிறுநீரகக் கழுவல் பெறுவோரின் இரத்தச்சோகைக்கு 2012 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 25,000-க்கும் மேற்பட்டோர் பெற்ற நிலையில், 2013 பிப்ரவரியில் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆயிரத்தில் ஏறத்தாழ இருவருக்கு ஒவ்வாமை விளைவு. பதினாயிரத்தில் ஏறத்தாழ இருவருக்கு, முதல் ஊசியின் அரைமணி நேரத்துக்குள், மரணம். ஒப்புதலுக்கு முன்னைய ஆய்வுகளில் ஒரே வேளைக்குரிய குப்பி. சந்தையில் பதனப்பொருள் சேர்த்த, பலவேளைக் குப்பி. காரணம் அவ்வேறுபாட்டில் இருக்கலாம் என்று பின்னர் ஆராயப்பட்டது. பெப்டைடு மாறவில்லை, கரைசல் மாறியது. முறையான ஆலையும் கண்காணிப்பும் இருந்ததனால்தான் பதினாயிரத்தில் இரண்டு என்ற எண்ணாவது நமக்குக் கிடைத்தது. வீட்டில் ஊசியேற்றிக்கொள்வோரை எண்ணும் பதிவேடு எதுவும் இல்லை.

2023-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மருந்தகங்கள் தாமே கலந்து தரும் மூலப்பொருள்களுள் குறிப்பிடத்தக்க பாதுகாப்பு ஐயம் எழுப்புபவை எனப் பல பெப்டைடுகளைத் தனி வகையில் சேர்த்தது. தைமோசின் ஆல்ஃபா-1 அவற்றுள் ஒன்று. மூலக்கூறுகள் தம்முள் திரள்வதாலும் தொகுப்பின்போது தங்கும் மாசுகளாலும் உடலில் வேண்டா எதிர்வினை எழக்கூடும் என்பது கூறப்பட்ட காரணம். தைமோசினை அடுத்த ஆண்டு அவ்வகையிலிருந்து நீக்கி, வல்லுநர் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பினர். அதே 2023-ஆம் ஆண்டுப் பட்டியலில் செம்புப் பெப்டைடின் பெயரும் இருந்தது. ஆனால் அப்பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரையறை: ஊசி வழிக்கு மட்டும்.